எல்லைக் கிராமங்களில் ஆடு வளர்ப்பு: லாபம் யாருக்கு?

நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லைக் கிராமங்களில் ஆட்டுக்கு விலை பேசும் முறை தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. வியாபாரி வீட்டு விளைக்கு வருகிறார். கிடாவின் முதுகைத் தடவிப் பார்க்கிறார். இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார். ஒரு தொகையைச் சொல்கிறார். வீட்டுக்காரப் பெண் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார். "எக்கா, இதுக்கு மேல தந்தா எனக்கு வண்டிக்கூலிகூட மிஞ்சாது, பாத்துக்கிடுங்க" என்று அவர் சொல்ல, இடையில் ஒரு தொகைக்குப் பேரம் முடிகிறது. தராசு என்ற ஒன்று அங்கே பேச்சிலேயே வருவதில்லை.

அதே வீட்டில் கறக்கும் பசுவின் பால், சங்கத்தில் அளந்து, கொழுப்புச் சத்து பார்த்து எடுக்கப்படுகிறது. ரப்பர் ஷீட் கிலோக் கணக்கில் விலை போகிறது. மரச்சீனி, வாழைக்குலை, நல்லமிளகு, கொப்பரை என்று எதை எடுத்தாலும் எடை உண்டு. ஆட்டிறைச்சியைக் கடையில் வாங்கும்போதும் நூறு கிராம் கூடக் குறையக்கூடாது என்று நாம் பார்க்கிறோம். ஆனால் அந்த ஆட்டை ஒரு வருஷம் வளர்த்தவர் மட்டும் அதைக் கண் மதிப்பில் விற்கிறார். பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை வட்டாரத்துச் சிறு ஆட்டு மந்தைகளின் வரவு செலவைப் பார்க்கும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்.

மாட்டை மிஞ்சிய ஆடு

இது சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 13 லட்சத்து 59 ஆயிரம் வெள்ளாடுகள் கணக்கில் வந்தன. பசு, காளை, கன்று எல்லாம் சேர்ந்த மாட்டினம் 13 லட்சத்து 42 ஆயிரம். பால் உற்பத்தியைப் பற்றியே ஓயாமல் பேசும் ஒரு மாநிலத்தில் மாட்டை விட ஆடு எண்ணிக்கையில் அதிகம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 2012-ம் ஆண்டில் 12 லட்சத்து 46 ஆயிரமாக இருந்த ஆடுகள் ஏழு ஆண்டுகளில் 9 சதவீதம் பெருகின. எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் அதே கணக்கெடுப்பில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 லட்சம். 21-வது கணக்கெடுப்பு 2024-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது.

பால் வியாபாரத்துக்குச் சங்கம் உண்டு. சங்கங்களுக்கு மேலே 1980-ல் அமைந்த மில்மா உண்டு. ரப்பருக்கு வாரியம் உண்டு. ஆட்டுக்கு என்ன இருக்கிறது? வியாபாரியின் கையும் கண்ணும்தான் இருக்கின்றன.

பத்து சென்ட் பொருளாதாரம்

இந்த ஆடுகள் பெரிய பண்ணைகளில் இல்லை. வீட்டைச் சுற்றிய விளைகளில், பிலா மரத்தடியிலும், ஆட்டுக் கூட்டிலும் நிற்கின்றன. இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியத் திருத்தங்கள் 1970-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பத்து சென்ட் நிலத்தில் வயல் விவசாயம் செய்ய முடியாது. ஆனால் ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு பிலா, பின்புறம் நாலைந்து ஆடு என்று ஒரு குடும்பம் காலூன்ற முடியும். எல்லைக் கிராமங்களின் ஏழைக் குடும்பங்களில் ஆடு நிலைத்ததற்கு இந்தப் பத்து சென்ட் ஒரு முக்கியக் காரணம்.

மேய்ச்சல் நிலமோ குறைந்துகொண்டே வருகிறது. தரிசாகக் கிடந்த சரிவுகளில் ரப்பர் ஏறிவிட்டது. சாலையோரத்துப் புல்லை நம்பியிருந்தவர்களுக்கு நெடுஞ்சாலைகளின் போக்குவரத்து இடைஞ்சல். ஆகவே அவிழ்த்துவிட்டு மேய்ப்பது போய், கட்டிப்போட்டுக் குழை வெட்டிப் போடும் முறையே மிச்சம். ஒரு வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நாலு கிலோ பச்சைத் தீவனம் வேண்டும். ஐந்து ஆடு என்றால் இருபது கிலோ. இதைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவது பெரும்பாலும் பெண்கள். இந்த உழைப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கூலி எழுதப்படுவதில்லை.

இரண்டு சர்க்கார், ஒரே பிலாவிலை

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் கோட்டைத் தாண்டி முன்போலவே நடக்கின்றன. களியக்காவிளைக்கும் பனச்சமூட்டுக்கும் சாமான் வாங்கப் போகிறவர்கள் எல்லையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் சர்க்கார் உதவி மட்டும் கோட்டில் நின்றுவிடுகிறது.

தமிழகத்தில் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, ஏழைப் பெண்களுக்குத் தலா நாலு ஆடுகள் வழங்கும் விலையில்லா ஆடுகள் திட்டம் தொடங்கப்பட்டது. கேரளத்தில் 1996-ம் ஆண்டு மக்கள் திட்டம் வந்த பிறகு, கிராமப் பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து ஆடு வழங்குகின்றன. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கமும் "ஆடு கிராமம்" என்ற பெயரில் பெண்கள் குழுக்களுக்கு ஆடு வளர்க்க உதவி செய்கிறது. இவை நல்ல முயற்சிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பக்கத்துத் திட்டங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஆட்டைக் கையில் கொடுக்கும் வரைதான் கவனம். அது வளர்ந்து விலைக்கு நிற்கும் நாளில் பக்கத்தில் யாரும் இல்லை.

மத்திய சர்க்காரின் தேசியக் கால்நடை இயக்கமோ வேறு திசையில் பார்க்கிறது. 2021-22-ல் திருத்தி அமைக்கப்பட்ட அந்த இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் உண்டு. ஆனால் அதில் மிகச் சிறிய அளவே 100 பெட்டையும் 5 கிடாவும். மிகப் பெரியது 500 பெட்டையும் 25 கிடாவும். நூறு ஆட்டுக்குத் தினமும் 400 கிலோ தீவனம் வேண்டும். பத்து சென்ட் விளையில் கட்ட இடம் ஏது, குழைக்குப் போவது எங்கே? எல்லைக் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தத் திட்டம் விளம்பரப் பலகையில் பார்க்கும் படம்தான்.

நஷ்டம் எங்கே வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பராமரிப்பில் ஒரு பெட்டையாடு இரண்டு ஆண்டில் மூன்று முறை ஈனும். சினைக்காலம் 150 நாள். மலபாரி இனத்தில் இரட்டைக் குட்டி சாதாரணம். ஐந்து பெட்டை உள்ள வீட்டில், சாவு போக, வருஷத்துக்குப் பத்துக் குட்டி தேறும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டைக் குட்டிகளை மந்தைக்கு நிறுத்தினால் விற்பனைக்கு எட்டு. உயிர் எடை கிலோவுக்கு 400 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 22 கிலோ உள்ள ஒரு கிடா கண் மதிப்பில் 19 கிலோவாகக் குறைந்தால் 1,200 ரூபாய் போயிற்று. எட்டு ஆட்டுக்கு 9,600 ரூபாய். இது நோயால் வந்த நஷ்டம் அல்ல. தீவனத்தால் வந்ததும் அல்ல. எடை போடாததால் மட்டுமே வந்த நஷ்டம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. வீட்டுக்குப் பணம் வேண்டிய அன்று ஆடு விற்கப்படுகிறது. ஆடு விலைக்குத் தயாரான அன்று அல்ல. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கும்போது, சிட்டித் தவணை நெருங்கும்போது கயிறு அவிழ்கிறது. இந்தக் காலங்கள் வியாபாரிக்கும் தெரியும். ஆறு மாதத்தில் 14 கிலோவில் விற்கும் குட்டி, இன்னும் நாலு மாதம் நின்றால் 22 கிலோவை எட்டக்கூடும். இடையே உள்ள 8 கிலோ, நாம் எடுத்துக்கொண்ட விலையில் 3,200 ரூபாய். இரண்டு குட்டியை அவசரமாக விற்றால் 11,200 ரூபாய் கையில் வரும். 6,400 ரூபாய் கைவிட்டுப் போகும்.

அதே நேரத்தில் 10,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு ஆறு மாதம் கடன் வாங்கியிருந்தால் வட்டி 350 ரூபாய்தான். இந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்கலாம். விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டு 2018-19-ல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் விவசாயக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. ஐந்து ஆடு வைத்திருக்கும் பெண் வங்கியின் படி ஏறிக் கேட்கவும், கேட்டவருக்கு மறுக்காமல் விண்ணப்பம் கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் வரை ஆடுதான் அவருக்கு வங்கி. வட்டியோ மிக அதிகம்.

வியாபாரி மட்டும் குற்றவாளியா?

வியாபாரியைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால் நியாயம் வேறு. ஒரு வீட்டில் ஒன்று, அடுத்த தெருவில் இரண்டு என்று சேர்த்து, வண்டி பிடித்து, நோய் கண்டால் நஷ்டத்தைத் தானே சுமந்து, இறைச்சிக் கடைக்காரரிடம் பாக்கிக்கு நின்று தொழில் செய்கிறவர் அவர். அவர் இல்லாவிட்டால் பல வீடுகளில் ஆடு விற்கவே வழியில்லை. பிரச்னை அவருடைய லாபம் அல்ல. அவருக்குத் தெரிந்தது வளர்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்னை. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில் என்ன விலை, சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் எவ்வளவு வரத்து, நெய்யாற்றின்கரைக் கடைகளில் இறைச்சி என்ன விலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விளையில் நிற்கும் பெண்ணுக்குப் போன வருஷம் பக்கத்து வீட்டில் விற்ற விலைதான் தெரியும்.

எல்லையின் சட்டங்களும் விலையை அசைக்கின்றன. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைக் கேரளம் 1968-ம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. தமிழகத்திலும் 1950-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2003-ல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்து எதிர்ப்புக் கிளம்பியதால், 2004-ல் அந்தச் சட்டமே ரத்தாயிற்று. எல்லைக்கு அப்பால் சுடலைமாடன், இசக்கியம்மன் கொடை நடக்கும் மாதங்களில் கிடாவுக்குத் தனி விலை உண்டு. 2017-ம் ஆண்டு மே 23-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகளும் ஊரெங்கும் பீதியைக் கிளப்பின. இறைச்சிக்காகச் சந்தையில் விற்கக்கூடாது என்ற அந்தப் பட்டியலில் மாடும் எருமையும் ஒட்டகமும் இருந்தன, ஆடு இல்லை. அந்த விதிகளுக்கு மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையைச் சுப்ரீம் கோர்ட் 2017 ஜூலையில் நாடு முழுவதற்கும் நீட்டித்தது. ஆட்டுக்குச் சம்பந்தமே இல்லாத விதி அது என்று தெரிந்தவருக்குப் பயம் இல்லை. தெரியாதவர் "சட்டம் வருகிறது" என்ற பேச்சைக் கேட்டு விலையைக் குறைத்துவிடக்கூடும். 2020-ம் ஆண்டு ஊரடங்கில் எல்லை அடைபட்டபோதும், வாங்க ஆள் வராததன் பாரம் வளர்த்தவர் தலையில்தான் விழுந்தது.

நாடா ஒன்று போதும்

தராசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று இருந்தால் ஆட்டின் எடையை ஏறத்தாழக் கணக்கிடலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். தோள்பட்டை முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனை வரை உடல் நீளத்தை அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 26 அங்குலம், நீளம் 24 அங்குலம் என்றால் 24½ கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்பின் ஆகலாம். ஆனாலும் முதுகைத் தடவிச் சொல்லும் மதிப்பை விட இது மேல். காலையில் தீவனம் வைக்கும் முன் அளப்பது நல்லது. நிறை வயிறும் சினையும் கணக்கைக் கெடுக்கும். அறுத்தால் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இறைச்சி தேறும் என்பதையும் மனதில் வைத்தால், கடை விலையிலிருந்து ஆட்டின் நியாயமான விலையை வளர்ப்பவரே கண்டுகொள்ளலாம்.

அடுத்தது காலண்டர். பக்ரீத் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து வரும். 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7 என்று வந்தது. குர்பானிக்கு ஒரு வயது நிறைந்த, கொம்பு உடையாத, ஊனமில்லாத ஆட்டையே கேட்பார்கள். ஆகவே ஒரு பக்ரீத்துக்கு விற்க வேண்டிய கிடா முந்திய பக்ரீத்துக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். தாயாடு அதற்கும் ஐந்து மாதம் முன்னால் கிடா சேர்ந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகியவையும் நம் வட்டாரத்தில் நல்ல விற்பனைக் காலங்கள். ஜூலை, ஆகஸ்டில் சினைப்பிடித்தால் டிசம்பர், ஜனவரியில் குட்டி விழும். இடவப்பாதி மழையும் துலா மழையும் தாண்டிய காலம் அது. ஈரத்தில் பிறக்கும் குட்டிகளுக்குச் சளியும் கழிச்சலும் வருவதும் சாவதும் அதிகம். டிசம்பர்க் குட்டி அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு வயது நிறைந்து நிற்கும்.

சாகாமல் காப்பது முதல் லாபம்

விற்பனையைப் பற்றிப் பேசும்போது பராமரிப்பை மறந்துவிடக் கூடாது. செத்த ஆட்டுக்கு விலை இல்லை. இந்த வட்டாரத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. மரச்சீனி இலையிலும், தோலிலும், ரப்பர் இலையிலும் சயனைடு விஷம் உண்டு. மரச்சீனி பிடுங்கிய நாளில் கயிறு அறுத்துக்கொண்டு போய் வயிறு நிறையத் தின்ற ஆடு மூச்சுத் திணறிச் சில நிமிஷங்களில் விழுந்துவிடும். இலையையும் தோலையும் வெயிலில் நன்றாக உலர்த்தினால் விஷம் பெருமளவு குறையும். விஷம் ஏறிய ஆட்டுக்கு சோடியம் தயோசல்பேட் ஊசிதான் மருந்து. அதைக் கால்நடை டாக்டர்தான் போட வேண்டும். சக்கைப் பருவத்தில் பழுத்த சக்கையும், கல்யாண வீட்டு மிச்சச் சோறும் அளவுக்கு மீறி உள்ளே போனால் வயிறு புளித்து ஆடு சாகும். அன்பினால் வைக்கிற கஞ்சியே எமனாகிவிடுவது உண்டு.

குழைக்கு வேலியே போதும். சீமைக்கொன்றை, சூபாபுல், முருங்கை, அகத்தி ஆகியவற்றை எல்லையோரம் நட்டுவிட்டால் பிலாவிலைக்கு அலைய வேண்டிய தூரம் குறையும். சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மழை ஊரில் ஆட்டுக் கூடு தரையிலிருந்து உயர்ந்த பரணாக, இடைவெளி விட்ட பலகையில் இருப்பது நல்லது. கீழே விழும் புழுக்கை உலர்ந்திருக்கும். வீட்டுத் தோட்டக்காரர்கள் அதைச் சாக்குக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆட்டுக்கொல்லி நோய் என்று சொல்லப்படும் பி.பி.ஆர். இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் கண்டறியப்பட்டது தமிழகத்தின் விழுப்புரம் பகுதியில் உள்ள அரசூரில்தான். காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் என்று ஆரம்பித்து மந்தையையே காலி செய்யும். மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்கு ஒரு ஊசி போட்டால் சுமார் மூன்று ஆண்டு பாதுகாப்பு. உலகில் மாட்டு வெக்கை நோய் ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. இந்த நோயை 2030-க்குள் ஒழிப்பது அடுத்த இலக்கு. எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். தெற்கத்திச் சந்தைகளிலிருந்து வண்டி வண்டியாக ஆடு இந்த வழியாகத்தான் வருகிறது. பாறசாலையில் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடி இருந்தாலும், ஆட்டோவில் ஒன்றிரண்டாக உள்வழிகளில் வரும் ஆட்டை யார் பார்ப்பது? வெளியிலிருந்து வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே வீட்டு ஆடுகளோடு சேர்க்க வேண்டும்.

ஐந்து ஆட்டுக்கு ஒரு கிடா வளர்ப்பது செலவு. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல மலபாரிக் கிடாவை வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொண்டால் ரத்த உறவில் கலந்து குட்டிகள் சோனியாவது தடுக்கப்படும்.

இன்ஷூரன்ஸையும் மறக்க வேண்டாம். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை எடுத்த முடிவின்படி கால்நடை இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீதியை மத்திய, மாநில சர்க்கார்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். காதில் அடையாளக் கம்மல் போட்டு, கால்நடை ஆஸ்பத்திரியில் பதிவு செய்தால்தான் இது நடக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய திட்டங்கள் தேவையில்லை. முதலாவது, தராசு. ஒவ்வொரு பால் சங்கத்திலும் ஆடு நிறுத்தக்கூடிய ஒரு எடை மேடையை வைத்து, வாரம் ஒரு நாள் சிறு கட்டணத்துக்கு எடை போட்டுச் சீட்டு கொடுத்தால் போதும். சந்தை கூட்ட ஆடு போதாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எடை போடுவதற்குச் சந்தை கூட வேண்டியதில்லை. ஒரு ஆடு போதும். சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டு விளையிலேயே வியாபாரிக்கு விற்கலாம். எடை தெரிந்த ஆட்டை வாங்குவதில் அவருக்கும் தகராறு குறைவு.

இரண்டாவது, விலை விவரம். மேலப்பாளையம், எட்டயபுரம் சந்தை விலையும் நெய்யாற்றின்கரை இறைச்சி விலையும் வாரந்தோறும் பஞ்சாயத்து ஆபீசிலும் கால்நடை ஆஸ்பத்திரியிலும் எழுதிப் போட வேண்டும். பாறசாலையிலேயே கால்நடைத் துறையின் பண்ணை இருக்கிறது. பக்ரீத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அதன் வாசலில் இரண்டு நாள் வளர்ப்போர் நேரடி விற்பனை நடத்துவது துறைக்குப் பெரிய காரியமல்ல.

மூன்றாவது, தேசியக் கால்நடை இயக்கத்தில் ஐந்து பெட்டை, ஒரு கிடா என்ற அளவுக்கும் ஒரு படி வேண்டும். பத்து வீடு சேர்ந்த குடும்பஸ்ரீ குழுவை ஒரு பண்ணையாகக் கணக்கிட்டாலும் சரிதான். ஆடு ஒரே கொட்டகையில் நின்றால்தான் பண்ணை என்று வைத்துக்கொள்வது கேரளத்தின் நில அமைப்பை அறியாதவர் எழுதிய விதி.

நாலாவது, மொழி. நம் ஊர்ப் பெண்களில் பலர் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். விண்ணப்பமும் அறிவிப்பும் மலையாளத்தில் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடுகிறார்கள். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக் கேட்டால்தான் தமிழில் துண்டுப் பிரசுரம் வரும். தடுப்பூசி தேதியும் கடன் விண்ணப்பமும் புரியாத மொழியில் இருந்தால், அந்த உதவி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இவற்றில் சர்க்கார் செய்ய வேண்டியவை பாதி. நாம் செய்யக்கூடியவை பாதி. கிராமசபை கூடும்போது எடை மேடையைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர ஐந்து பெண்கள் சேர்ந்து எழுந்தால் போதும். பால் சங்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் சின்னதாகத் தொடங்கியது. படியால் அளந்து கொடுத்த பாலுக்கு அளவும் தரமும் பார்த்து விலை வந்தது போல, ஆட்டுக்கும் எடை பார்த்து விலை வர வேண்டும். அந்த நாள் வரும்வரை, அடுத்து வியாபாரி வரும்போது விலை பேசும் முன் நாடாவை எடுத்து ஆட்டை அளந்து வைத்துக்கொள்ளும்படி ஆடு வளர்க்கும் ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறோம்.